இட்டேரி வழக்கு

கட்டிங் மாஸ்டர் என் அலுவலகத்துக்கு வந்தபோது முதல் தகவல் அறிக்கையின் நகலோடு சைக்கிள் வாங்கிய பில்லையும் கொண்டுவந்திருந்தார். பில்லைத்தான் முதலில் நீட்டினார். "வண்டி வாங்கி நாப்பத்தியொரு நாள்தானுங்க ஆச்சு" என்றார். அடிபட்டவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இடது மணிக்கட்டு ஒடஞ்சிருச்சுங்க. கல்லு வேலை செய்யற சிற்பீங்க அவரு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அறிக்கையைப் படித்தேன். "மேற்படி எதிரி தனது மிதிவண்டியை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து" என்று ஆரம்பித்தது. முப்பது வருடத் தொழிலில் இந்த வாக்கியத்தை லாரிக்கும் டெம்போவுக்கும் கம்பெனி வேனுக்கும் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். சைக்கிளுக்குப் படித்தது அன்றுதான். இந்தியத் தண்டனைச் சட்டம் பிரிவு 279, பொது வழியில் கண்மூடித்தனமாக ஓட்டியது. பிரிவு 338, அதனால் கொடுங்காயம் விளைவித்தது. எலும்பு முறிந்தாலே சட்டத்தின் கணக்கில் கொடுங்காயம்தான்.

என் கட்டில் உள்ள பழைய கேஸ்களில் சைக்கிள்காரர் எப்போதும் அடிபட்டவராகத்தான் வருவார். 2003ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த லட்சுமண ஐயர் வழக்கை அடிக்கடி எடுத்துக் காட்டுவோம். பஸ் மோதி இறந்த சைக்கிள்காரரின் பெற்றோர் போட்ட வழக்கு அது. அவர் பங்குக்கும் தவறு உண்டென்று நாலில் ஒரு பாகத்தைக் கழித்தார்கள். அந்த நாலில் ஒன்றை எப்படிக் குறைப்பது என்பதே எங்கள் வாதமாக இருக்கும். சைக்கிள்காரரை எதிரிக் கூண்டில் நிறுத்திப் பேசும் வேலை எனக்கு வந்ததில்லை.

மாஸ்டருக்கு அப்போது வயது 52. பதினாறு வயதில் பனியன் கம்பெனியில் கைமடிக்கச் சேர்ந்து, படிப்படியாகக் கட்டிங் டேபிளுக்கு வந்தவர். கல்யாணமான புதிதில் திருமுருகன்பூண்டியிலிருந்து திருப்பூருக்குத் தினமும் சைக்கிளில்தான் போய்வந்தார். பிறகு மொபெட் வந்தது, பைக் வந்தது, சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. இருபத்தைந்து வருடம் கழித்துச் சர்க்கரை ஏறி, "நடங்க, இல்லீன்னா சைக்கிள் மிதிங்க" என்று டாக்டர் சொல்ல, முழங்கால் வலியால் நடக்க முடியாமல் 2021 தீபாவளி போனஸில் ஒரு கியர் சைக்கிள் வாங்கினார். மணி கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, மட்கார்டு கிடையாது. இந்த வண்டிகள் அப்படித்தான் வருகின்றன. கடைக்காரர் மணி தனியாக எழுபது ரூபாய் என்றாராம். பதினெட்டாயிரத்துக்கு வண்டி எடுத்தவர் எழுபது ரூபாய்க்கு யோசித்திருக்கிறார். கட்டிங் மாஸ்டர்களுக்கு மிச்சம் பிடிப்பது தொழில் புத்தி. துணியில் ஒரு அங்குலத்தை விடமாட்டார்கள்.

அவிநாசி ரோட்டில் காலையில் சைக்கிள் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. அதனால் இட்டேரிக்குப் போனார்.

கொங்குக்காரர்களுக்கு இட்டேரி என்றால் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டு வண்டி போகும் அகலத்தில் மண் தடம். காட்டுக்குப் போக, ஆடு மாடு ஓட்ட, பக்கத்து ஊருக்கு எழவு சொல்லப் போக எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. வேலியில் பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறியிருக்கும்; உள்ளே ஓணானும் கௌதாரியும் குடியிருக்கும். பல இட்டேரிகள் தார் ரோடாகிவிட்டன. சில மனைப் பிரிவுக்குள் போய்க் காணாமலே போய்விட்டன. நான் சொல்வது பூண்டியில் வீடுகள் முடியும் இடத்தில் ஆரம்பித்து நல்லாற்றைப் பார்த்துப் போவது. அவிநாசிப் பக்கமிருந்து வரும் நல்லாறு பூண்டியைக் கடந்து நஞ்சராயன் குளத்தை நிரப்புகிறது. குளம் இப்போது தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. என்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குளம்வரை மிதித்துப்போய் வந்துவிட வேண்டும் என்பது மாஸ்டரின் கனவு.

விடிகாலை ஐந்தே முக்காலுக்கு அந்த இட்டேரியில் யார் யார் போவார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்தேன், பிறகு சாட்சிக்கு உதவும் என்று. பால்காரர் ஒருவர், ஆட்டுக்காரர் இருவர், சர்க்கரைக்கு நடப்பவர்கள் ஏழெட்டுப் பேர், நைட் ஷிஃப்ட் முடித்துக் கூட்டமாக அறைக்குத் திரும்பும் ஒடிசா, பீகார் பையன்கள், ஒரு நாய். இவர்களுக்கு நடுவேதான் மாஸ்டர் மிதித்தார்.

அன்று மார்கழி. பனி இறங்கியிருந்தது. எங்கோ ஒரு கோயில் மைக்கில் பாட்டு. வண்டிச் சக்கரம் போய்ப் போய் இட்டேரியில் இரண்டு தடம் விழுந்திருக்கும். நடுவில் புல் முதுகு. முன்னால் சிற்பி இடது தடத்தில் நடந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த மாஸ்டர் வலது தடத்துக்கு ஏறி, "ஓரம்ங்க, ஓரம்ங்க" என்று குரல் கொடுத்தார். சிற்பி சட்டென்று வலது பக்கம் ஒதுங்கினார். ஹேண்டில்பார் முழங்கையில் தட்டியது. இடது கையை ஊன்றி விழுந்தார்.

இவ்வளவுதான் சம்பவம். மாஸ்டரே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், பணமும் கட்டினார். கேஸ் ஆகாமலே போயிருக்கும். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாஸ்டரின் உறவுக்காரர் ஒருவர், "தானா வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதிக் குடுத்திருங்க, பெரியவரே" என்று சிற்பியிடம் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் சிற்பியின் மகன் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனான். என் அனுபவத்தில் பாதிக் கேஸ்கள் சம்பவ இடத்தில் பிறப்பதில்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் பிறக்கின்றன.

"இன்சூரன்ஸ் குடுக்குங்களா?" என்று கேட்டார் மாஸ்டர். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. கட்டாய இன்சூரன்ஸ் கிடையாது, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போக முடியாது. ஒரு ஸ்கூட்டர் இடித்திருந்தால் சிற்பிக்கு மனுப் போட ஓர் இடமும் பணம் கொடுக்க ஒரு கம்பெனியும் இருந்திருக்கும். சைக்கிள் இடித்ததால் அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் கட்டணம் கட்டித் தனி வழக்குப் போட வேண்டும். ஜெயித்தாலும் மாஸ்டரின் சட்டைப் பையிலிருந்துதான் வாங்க வேண்டும். ஏழைக்கு ஏழை இடித்தால் சட்டம் இப்படித்தான் கையை விரிக்கிறது.

மாஸ்டருக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. ஜோர்டானில் ஒரு கார்மெண்ட் ஆலையில் கட்டிங் பொறுப்புக்கு அவரைக் கேட்டிருந்தார்கள். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. கிரிமினல் வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. 1993ஆம் வருட அரசாணைப்படி கோர்ட்டில் அனுமதி வாங்கி எடுக்கலாம்தான். ஆனால் வெளிநாட்டுக் கம்பெனி காவல்துறைச் சான்றிதழும் கேட்டது. வழக்கே இல்லாமல் போக வேண்டும். அதுதான் எனக்கு வந்த வேலை.

முதல் வேலையாக, போலீஸ் பிடித்துவைத்திருந்த சைக்கிளை மீட்க மனுப் போட்டேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451. பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் போட்டு மக்கவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002ல் சுந்தர்பாய் தேசாய் வழக்கில் சொன்னதை இணைத்தேன். நீதிபதி அம்மா மனுவைப் புரட்டிவிட்டு, "ஆர்.சி. புக் எங்கே வக்கீல் சார்?" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார். அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் அத்தாட்சி இருந்தது. நகராட்சியோ பஞ்சாயத்தோ வருடா வருடம் வரி வாங்கிக்கொண்டு ஒரு வில்லை கொடுக்கும். வில்லை இல்லாவிட்டால் பிடிப்பார்கள், ராத்திரி விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் பிடிப்பார்கள். என் அப்பாவின் சைக்கிள் வில்லை ஒன்று என் மேஜை டிராயரில் இன்னும் கிடக்கிறது. இப்போது சைக்கிளுக்கு அத்தாட்சி கடைக்காரர் எழுதிய பில் மட்டும். மாஸ்டர் அதை முதல் நாளே கொண்டுவந்த காரணம் அன்றுதான் புரிந்தது. சொந்த ஜாமீனில் வண்டி கிடைத்தது.

ஸ்டேஷன் வளாகத்தில் நொறுங்கிய பைக்குகளுக்கு நடுவே அது சாய்ந்து கிடந்தது. செயினில் செந்துரு. இரண்டு டயரிலும் காற்றில்லை. லாரி, பைக் என்றால் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்து, இயந்திரக் கோளாறு உண்டா இல்லையா என்று அறிக்கை கொடுப்பார். சைக்கிளின் பிரேக் நன்றாக இருந்ததா என்று சொல்ல யாருமில்லை. எங்கள் கேஸ் கட்டில் அந்தத் தாளே இல்லை. சரி, நாமே பார்ப்போம் என்று தோன்றியது. மாஸ்டரிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்கு அதே இட்டேரிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

நான் கடைசியாகச் சைக்கிள் மிதித்தது கோவை சட்டக் கல்லூரியில் படித்தபோது. ஏறி உட்கார்ந்ததும் கால் தானாக நினைவுக்கு வந்தது, இடுப்புதான் ஒத்துக்கொள்ளவில்லை. சீட் உயரம், உடம்பை முன்னால் குனியச் சொல்கிறது; கியர் மாற்றத் தெரியாமல் செயின் கறகறவென்று அலறியது. நூறு அடி போனதும் சரியாயிற்று. வேலி பின்னோக்கி ஓடியது, குளிர்காற்று சட்டைக்குள் நுழைந்தது, ஐம்பத்தாறு வயது வக்கீலான நான் என்னையறியாமல் பெடலை அழுத்தினேன். வேகமாகப் போகிறோம் என்ற எண்ணமே வரவில்லை. மண்ணில் அந்த அகலமான டயர் சத்தமே போடுவதில்லை. மிதிக்காமல் விட்டால் மட்டும் ஃப்ரீவீல் மெல்ல டிக்டிக்கென்கிறது, அதுவும் ஓட்டுகிறவனுக்கே கேட்கும் அளவில்.

முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே நடந்தார்கள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? "ஏனுங்க" என்பதா, "வழி" என்பதா, "அம்மிணி" என்பதா என்று யோசிப்பதற்குள் பத்தடி நெருங்கிவிட்டேன். கடைசியில் என் வாயிலும் "ஓரம்ங்க" என்றுதான் வந்தது. ஒருவர் இடது பக்கமும் ஒருவர் வலது பக்கமும் ஒதுங்கினார்கள். நான் நடுவில் புல் முதுகில் ஏறி இறங்கி நின்றேன். எந்த ஓரம் என்று நான் சொல்லவில்லை. மாஸ்டரும் சொல்லவில்லை. மொத்தக் கேஸும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்று அன்று வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன்.

சட்டப்படி பார்த்தால் முடிச்சு வேறிடத்தில் இருந்தது. 338ஐக் காயம்பட்டவர் கோர்ட்டின் அனுமதியோடு சமாதானம் செய்துகொள்ளலாம். 279 அப்படியல்ல. அது பொதுமக்களுக்கு எதிரான குற்றம். ஒருவர் மன்னித்து முடியாது. (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 281 ஆகிவிட்டது.) சமாதானம் ஆனால் உயர் நீதிமன்றம் மொத்த வழக்கையும் ரத்து செய்யலாம், 2012ல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. ஆனால் அப்போது சிற்பி வீட்டில் எங்கள் பெயரைச் சொன்னாலே கதவைச் சாத்தினார்கள். சைக்கிள் ஒரு வண்டியே அல்ல என்று வாதாடவும் முடியாது. நம் தண்டனைச் சட்டம் 1860ல் வந்தபோது பெடல் வைத்த சைக்கிள் சந்தைக்கே வரவில்லை என்றாலும், 1879லேயே இங்கிலாந்தில் டெய்லர் எதிர் குட்வின் வழக்கில் சைக்கிளும் வண்டிதான் என்று தீர்த்துவிட்டார்கள்.

மிச்சமிருந்தது ஒரே ஓட்டை. 279 பொருந்த வேண்டுமானால் சம்பவம் நடந்தது பொது வழியாக இருக்க வேண்டும்.

புல வரைபடமும் 'அ' பதிவேட்டு நகலும் எடுத்தேன். பூண்டிப் பக்கம் முதல் இரண்டு சர்வே எண்களில் இட்டேரி வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தது. அதற்கப்பால் கோடே இல்லை. நல்லாற்றை ஒட்டிய கடைசி நானூறு அடி, ஒருவர் பட்டா நிலத்துக்குள் போகிறது. சிற்பி விழுந்தது அந்த நானூறு அடியில். காகிதப்படி அங்கே வழியே கிடையாது. வழியே இல்லாத இடத்தில் பொது வழிக் குற்றம் எப்படி நடக்கும்? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சம்மன் வழக்கில் விடுவிப்பு மனுவுக்கு இடமில்லை என்பதால், வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்கு 482 மனு தயாரித்தேன். பதினோரு பக்கம். நான் எழுதியவற்றில் நல்ல மனு என்று இன்றும் சொல்வேன்.

நாலு நாள் கழித்து ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அந்தப் பட்டா நிலத்தை வாங்கி மனை போட இருப்பவர். என் மனுவைப் பற்றி எப்படியோ தெரிந்திருக்கிறது. "அது என் சொந்த நிலமுங்க வக்கீல் சார், அங்க வழியே இல்லீங்க. வேணும்னா நான் பிரமாணப் பத்திரமே போட்டுத் தர்றேன். உங்க கட்சிக்காரருக்கு நல்லதுதானுங்களே?" என்றார். இனாமாகப் பிரமாணப் பத்திரம் தருகிறவரைக் கண்டால் எந்த வக்கீலுக்கும் வயிற்றில் ஒரு கலக்கம் வரும். கோர்ட் உத்தரவில் "பொது வழி அல்ல" என்று ஒரு வரி வந்தால் போதும். அவர் வேலியை அடுத்த வாரமே இழுத்துக் கட்டிவிடுவார்.

சட்டம் அவர் நினைத்த அளவுக்கு எளிதல்ல. பொது வழி என்பதற்குப் பட்டா யார் பெயரில் என்பது மட்டும் அளவுகோல் அல்ல. ஊர் எவ்வளவு காலம் தடையில்லாமல் புழங்கியது என்பதும் கேள்வி. 'பொதுமக்கள்' என்ற சொல்லுக்கு அவர்களில் ஒரு பகுதியினரும் அடக்கம் என்று அன்றைய தண்டனைச் சட்டத்தின் 12ஆம் பிரிவே சொன்னது. ஆனாலும் என் கட்சிக்காரருக்காக நான் அந்த ஊருக்கு எதிராக வாதாடப் போகிறேன் என்பதை முதல் தடவையாக உணர்ந்தேன்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் ஹண்டிங்டன் நகரில் 2020 அக்டோபரில், நடைபாதையில் எதிரே வந்த 77 வயது சைக்கிள்காரப் பெண்மணியைப் பார்த்து, நடந்துவந்த ஒரு மாற்றுத்திறனாளிப் பெண் கையை வீசிச் சத்தம் போட்டார். சைக்கிள்காரர் தடுமாறிச் சாலையில் விழுந்து கார் மோதி இறந்தார். நடந்துவந்தவருக்கு 2023 மார்ச்சில் மூன்று வருடச் சிறை. 2024 மே மாதம் மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை ரத்தானது. அந்த வழக்கில் ஒரு விஷயம் வியப்பானது: அந்த நடைபாதை சைக்கிளும் போகலாம் என்று அனுமதிக்கப்பட்ட பொதுப்பாதையா என்பதை அந்த ஊர் நிர்வாகத்தாலேயே அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. போர்டும் கோடும் வைத்துப் பாதை பிரிக்கும் நாட்டில் அந்தக் கதி.

பூண்டிக்கு வழி வழக்கு புதிதுமல்ல. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை, சிவனின் பூதகணங்கள் வேடர் வடிவில் வந்து கொள்ளையடித்ததும் அவர் கோயிலில் நின்று பாடித் திரும்பப் பெற்றதும் இந்த ஊர்த் தலபுராணம். எஃப்.ஐ.ஆர். இல்லை, மகஜர் இல்லை, சொத்து முழுசாகக் கிடைத்தது. அவ்வளவு வேகமான விசாரணை எங்களுக்கு வாய்ப்பதில்லை.

மாஸ்டரை வரச்சொல்லி இரண்டு பக்கத்தையும் விளக்கினேன். முடிவெடுக்க வேண்டியவர் அவர், பாஸ்போர்ட் அவருடையது. நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்க வழியே இல்லீன்னு ஆயிட்டா, அப்பறம் நான் எங்கீங்க சைக்கிள் ஓட்டறது?" என்றார். சிரிப்பு வந்தது எனக்கு. அவர் சிரிக்கவில்லை. "சிற்பியும் அங்கதானுங்க நடக்கணும்" என்றார்.

பதினோரு பக்க மனு கட்டுக்குள்ளேயே தூங்கிவிட்டது.

பிறகுதான் சிற்பியின் பட்டறைக்குப் போனோம், ஊர்ப் பெரியவர் ஒருவரை முன்னிட்டுக்கொண்டு. மாஸ்டர் கையில் பழம், வெற்றிலை பாக்கு. பட்டறை முழுக்கக் கல் தூள். மகன் கிரைண்டரில் ஒரு நந்தியின் முதுகை இறக்கிக்கொண்டிருந்தான். சிற்பி எங்களை உட்காரச் சொல்லவில்லை. ஓர் உளியை எடுத்து இடது கையில் பிடித்தார், வலது கையால் சுத்தியலை மூன்று தடவை இறக்கினார். மூன்றாவது அடியில் உளி கைக்குள் சுழன்று கீழே விழுந்தது. "பாத்தீங்களா? அடிக்கற கை நல்லாத்தானுங்க இருக்குது. புடிக்கற கைதான் போச்சு" என்றார். கட்டுப் பிரித்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

மாஸ்டர் குனிந்து அந்த உளியை எடுத்துக் கல்மேல் வைத்தார். "ஆஸ்பத்திரியில எங்க ஆளு அப்படிச் சொன்னது தப்புங்ணா. நான் அப்பவே தடுத்திருக்கோணும்" என்றார். விலை பேசியது அதற்கப்புறம்தான், அதுவும் அரை மணி நேரத்தில் முடிந்தது. மூன்று மாத வேலை இழப்பும் பிசியோதெரபிச் செலவும் சேர்த்து ஒரு லட்சத்து முப்பத்தையாயிரம், மூன்று தவணை. உயர் நீதிமன்றம் போகலாம் என்று மாஸ்டரிடம் மறுபடியும் சொன்னேன். சென்னைக்கு ஆகும் செலவை ஒரு தவணையில் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். இங்கேயே விசாரணையைச் சந்திப்பது என்று முடிவானது.

என்னிடம் இன்னோர் ஆயுதமும் இருந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். கிரைண்டர் இரைச்சலில் வருடக்கணக்கில் வேலை செய்பவர்களுக்குக் காது மங்கும். முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் என்று காது டாக்டர் நண்பர் ஒருவர் விளக்கியிருந்தார். அப்படியானால், மணியே இருந்திருந்தாலும் சிற்பிக்குக் கேட்டிருக்காது என்று வாதாடலாம். குறுக்கு விசாரணைக் குறிப்பில் எழுதியும் வைத்திருந்தேன். பட்டறையில் அந்த உளி விழுந்த சத்தத்தைக் கேட்டபின் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். மாஸ்டர் அதற்கு முன்பே எழுபது ரூபாய்க்கு மணி வாங்கி மாட்டிவிட்டார் என்பது வேறு விஷயம்.

கூட்டு மெமோ தாக்கல் செய்து 338ல் சமாதானம் பதிவாயிற்று. 279 மட்டும் விசாரணைக்கு நின்றது. அரசு தரப்பு முதல் சாட்சி சிற்பிதான்.

"எதிரி வேகமாக வந்தாரா?" என்று கேட்டார் அரசு உதவி வழக்கறிஞரான ஏ.பி.பி.

"முன்னாடி நடக்கறவனுக்குப் பின்னாடி வர்றவரோட வேகம் எப்படீங்க தெரியும்?"

கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதி அம்மாவும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

குறுக்கு விசாரணையில் நான் இரண்டே கேள்வி கேட்டேன். சத்தம் கொடுத்தது கேட்டதா என்பது முதலாவது. "கேட்டுச்சுங்க, ஓரம்னு. நான் நடந்ததே ஓரத்துலதானுங்க. அதனால இன்னொரு ஓரத்துக்குப் போனேன்" என்றார். அந்த வழியில் யார் யார் போவார்கள் என்பது இரண்டாவது. "எல்லாரும்தானுங்க. எங்க அய்யன் காலத்துலிருந்து." சுருக்கெழுத்தர் அதை எங்கள் கோர்ட் பாஷைக்கு மாற்றினார்: சம்பவ இடம் காலங்காலமாக ஊர்மக்கள் பயன்படுத்தும் பொது வழி என்றால் சரிதான்.

ஏ.பி.பி. என்னைத் திரும்பிப் பார்த்தார். அரசு தரப்பு நிரூபிக்க வேண்டியதை எதிரி தரப்பு வக்கீல் நிரூபித்துக் கொடுத்தால் பார்க்கத்தானே செய்வார்.

தீர்ப்பு 2023ல் வந்தது. வேகமாக வந்தார் என்று சொல்வது மட்டுமே கண்மூடித்தனத்துக்குச் சான்றாகாது என்று 1998ல் கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சுட்டி, மாஸ்டரை விடுதலை செய்தார்கள். அதே தீர்ப்பின் ஆறாவது பத்தியில், சம்பவ இடம் நீண்டகாலமாகப் பொதுமக்கள் பயன்படுத்திவரும் பொது வழி என்பது இரு தரப்பாலும் மறுக்கப்படவில்லை என்று இருந்தது. மாஸ்டர் பாஸ்போர்ட் எடுத்து ஜோர்டான் போனார். நஞ்சராயன் குளத்துக்கு அவர் இன்னும் மிதிக்கவில்லை.

அடுத்த கோடையில் மனைக்காரர் அந்த நானூறு அடியின் தலைப்பில் கல்லுக்கால்களைக் கொண்டுவந்து இறக்கினார். நடப்பவர்கள் கூடித் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். எழுதியது சிற்பியின் மகன். இணைப்பு, எங்கள் தீர்ப்பின் சான்றிட்ட நகல். கிரிமினல் கோர்ட் சொன்ன அந்த ஒரு வரி நிலத்தின் உரிமையைத் தீர்மானிக்காது, உரிமையியல் வழக்கு வந்தால் பழைய சாட்சிகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கும் என்று அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும் நாள்வரை கல்லுக்கால்கள் நடப்படவில்லை. வேலியோரம் அடுக்கிக் கிடக்கின்றன. காலையில் நடப்பவர்கள் அதன்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்கள்.

உங்கள் ஊரிலும் இப்படி ஓர் இட்டேரியோ குளக்கரையோ வாய்க்கால் கரையோ இருக்கும். நீங்கள் காலையில் அதில் நடப்பீர்கள் அல்லது மிதிப்பீர்கள். அதன் சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம், அரசின் இணைய சேவையிலும் பார்க்கலாம். வண்டிப்பாதை என்றிருந்தால் நகல் எடுத்து வையுங்கள். பட்டா என்றிருந்தால், அந்த வழியில் யார் யார் எத்தனை காலமாகப் போகிறார்கள் என்று சொல்லக்கூடிய பெரியவர்களைத் தேடி இப்போதே எழுதி வாங்குங்கள். பூண்டியில் அப்படிச் சொல்ல மூன்று பேர் இருந்தார்கள். இப்போது சிற்பி ஒருவர்தான் இருக்கிறார்.